முதல் தோசையை யார் சாப்பிடுவது?

(ஆந்திராவின் புத்தூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரிதாக மாற்றப்படாமல் அச்சாகிறது.)



அழைப்பிதழில் 'புவி வெப்பமும் புதிய தொழில்நுட்பங்களின் பொருளாதாரமும்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்தே பாதிப் பேர் வீட்டில் தங்கியிருப்பார்கள். நான் இருபத்தெட்டு வருஷம் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் வகுப்பைத்தான் எனக்கு எப்போதும் ஒதுக்குவார்கள். அதனால் முன்வரிசையில் யாராவது கண் அயர்ந்தால் எனக்குக் கோபம் வராது.

நம்ம ஊரிலிருந்தே தொடங்குகிறேன். வெளியூரில் போய் 'புத்தூர்' என்று சொன்னால் உடனே வரும் கேள்வி உங்களுக்குத் தெரியும்: "எலும்பு கட்டுற புத்தூரா?" ஆமாம், அதே புத்தூர்தான். பச்சிலை, முட்டையின் வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி. இந்த நாலையும் வைத்துக்கொண்டு ஊர் பேர் வாங்கிவிட்டது. தமிழ்நாட்டில் எத்தனை டவுனில் 'இங்கே புத்தூர் கட்டு போடப்படும்' என்று பலகை தொங்குகிறது! அந்தப் பலகைக்காரர்களில் எத்தனை பேர் இந்த ஸ்டேஷனில் ஒரு தடவையாவது இறங்கியிருப்பார்கள் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ள நான் இங்கே வரவில்லை. ஒன்றைக் கவனியுங்கள். பேர் போன தூரத்துக்குப் பணம் திரும்பி வரவில்லை. ஒரு சட்டை தைத்தால் ஒருத்தர்தான் போட முடியும். ஒரு வைத்திய முறையைக் கண்டுபிடித்தால் ஊர் உலகமெல்லாம் எடுத்துக்கொள்ளலாம்; கண்டுபிடித்தவரிடம் இருந்தது அதனால் குறைவதுமில்லை. அறிவு கசியும். எவ்வளவு அடைத்தாலும் கசியும். கசிந்து போன அறிவுக்குக் கூலி வராது.

இன்னொரு கசிவும் உண்டு. செங்கல் சூளை போட்டவர் மண்ணுக்குக் காசு கொடுக்கிறார், விறகுக்குக் கொடுக்கிறார், ஆள் கூலி கொடுக்கிறார். பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் வேட்டி கறுத்துப்போனதற்கு மட்டும் யாருக்கும் ஒன்றும் கொடுப்பதில்லை. ஆர்தர் பிகூ என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1920-இலேயே இதை எழுதி வைத்துவிட்டார்: தன் புகையால் ஊருக்கு வரும் நஷ்டத்தைப் புகை விடுகிறவனே வரியாகக் கட்டட்டும் என்று.

2018-இல் பொருளாதார நோபல் பரிசை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒருவர் வில்லியம் நார்ட்ஹாஸ், கரியமில வாயு உலகத்துக்கு வைக்கும் செலவைக் கணக்குப் போட்டவர். இன்னொருவர் பால் ரோமர், புது அறிவு எப்படி ஒரு நாட்டை வளர்க்கிறது என்று எழுதியவர். இவர்கள் இரண்டு பேரையும் எதற்கு ஒரே மேடையில் ஏற்றினார்கள் என்று எனக்கு அன்று கொஞ்சம் குழப்பமாக இருந்தது. அப்புறம்தான் புரிந்தது: புகை கசிவதைப் படித்தவர் ஒருவர், அறிவு கசிவதைப் படித்தவர் மற்றவர். புகை விடுகிறவன் அதற்கு விலை கொடுப்பதில்லை, அதனால் புகை பெருகுகிறது. புதிது கண்டுபிடிக்கிறவன் பலனை முழுசாக வாங்குவதில்லை, அதனால் கண்டுபிடிப்பு சுருங்குகிறது. புவி சூடாவதை நிறுத்தும் யந்திரங்களோ இந்த இரண்டு கசிவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவை. சந்தை இரண்டு பக்கமும் அவற்றுக்கு விரோதம்.

இனி அடுப்பங்கரைக்குப் போவோம்.

தோசைக் கல்லை அடுப்பில் வைத்து ஊற்றும் முதல் தோசை ஒட்டும், பிய்யும், ஒரு பக்கம் கருகும். அதை யாருக்குப் போடுவார்கள்? மாப்பிள்ளைக்குப் போட மாட்டார்கள். பெரும்பாலும் அம்மாவே தின்றுவிடுவாள், இல்லையென்றால் வாசலில் நிற்கும் நாய்க்குப் போகும். பத்தாவது தோசை முறுகலாக, வட்டமாக, கல்லை விட்டுத் தானாகக் கழன்று வரும். எல்லாருக்கும் அந்தப் பத்தாவது தோசைதான் வேண்டும். முதல் ஒன்பதைச் சுடாமல் பத்தாவது வராது.

விமானம் கட்டும் தொழிற்சாலையில் இதைக் கணக்காகப் பார்த்தவர் தியோடர் ரைட் என்ற அமெரிக்கப் பொறியாளர், 1936-இல். மொத்தம் செய்து முடித்த விமானங்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும், ஒரு விமானத்துக்குப் பிடிக்கும் வேலை ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைந்துகொண்டே வந்தது. 1962-இல் கென்னத் ஆரோ இதற்குப் பொருளாதாரத்தில் ஓர் இடம் கொடுத்தார்: செய்து செய்து கற்பது. சூரிய மின்பலகையில், அதாவது நாம் சோலார் பேனல் என்று சொல்கிறோமே அதில், இந்த விகிதம் சுமார் 20 சதவீதம். 100 ரூபாய் பொருள், உலகம் அதுவரை செய்த மொத்தம் இரட்டிப்பானால் 80 ரூபாய். இன்னொரு தடவை இரட்டிப்பானால் 64. பத்துத் தடவை இரட்டித்தால் 11 ரூபாய்க்கு வந்து நிற்கும்.

பத்திரிகைக்காரர்கள் ஒரு தப்பு செய்வார்கள். 'காலப்போக்கில் விலை குறைந்தது' என்று எழுதுவார்கள். காலம் எதையும் குறைக்காது. கல்லைப் பார்த்துக்கொண்டு பத்து வருஷம் உட்கார்ந்திருந்தால் தோசை சுட வந்துவிடுமா? எண்ணிக்கைதான் குறைத்தது. அந்த எண்ணிக்கைக்கு யாரோ, விலை அதிகமாக இருந்தபோதே, காசு கொடுத்தார்கள்.

யார் அவர்கள்? 1954-இல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் சிலிக்கன் சூரிய மின்கலத்தைச் செய்து காட்டினார்கள். விழுந்த வெயிலில் 6 சதவீதம் மின்சாரமானது. விலை யானை விலை. அதை வாங்க முதலில் வந்தது வானம். 1958-இல் வான்கார்டு செயற்கைக்கோள் அந்த மின்கலங்களோடு மேலே போனது. செயற்கைக்கோளுக்கு மண்ணெண்ணெய் ஊற்ற ஆள் அனுப்ப முடியாதல்லவா? அங்கே விலை ஒரு பொருட்டே இல்லை. இது நமக்குத் தூரத்துக் கதையும் இல்லை. 1980 ஜூலை 18-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி. ஏறி ரோகிணியைச் சுற்றுப்பாதையில் விட்டதே, அதுவும் வெயிலில் மின்சாரம் எடுத்துத்தான் ஓடியது. அந்த ஸ்ரீஹரிகோட்டா இன்று நம்ம திருப்பதி மாவட்டம்.

வானத்துக்கு அடுத்து ஜப்பான் வந்தது, 1994-இல் வீட்டுக் கூரைகளுக்கு மானியம் கொடுத்து. அதற்கு அடுத்து வந்த ஜெர்மனிதான் பந்தியில் உட்கார்ந்து ஒட்டிய தோசையெல்லாம் தின்றது. 2000-இல் ஒரு சட்டம் போட்டார்கள். கூரையில் பேனல் போட்டு மின்சாரம் கொடுத்தால் யூனிட்டுக்கு 50 யூரோ சென்ட், 20 வருஷத்துக்கு மாறாத விலை. அன்று அந்த ஊர் வீடுகள் மின்சாரத்துக்குக் கொடுத்த விலையைப்போல் மூன்று மடங்குக்கு மேல். வெயிலே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற நாடு அது! நம்ம ஊர் சித்திரை வெயிலை அவர்கள் ஒரு நாள் பார்த்திருந்தால் கூரை முழுக்கப் போட்டிருப்பார்கள். அந்தச் செலவு ஒவ்வொரு வீட்டுக் கரண்ட் பில்லிலும் தனி வரியாக ஏறியது. 2022 ஜூலையில்தான் பில்லிலிருந்து எடுத்தார்கள்.

ஜெர்மனி கொடுத்த காசுக்குப் பேனல் செய்து கொடுத்தது பெரும்பாலும் சீனா. அதிலும் ஒரு கிளைக்கதை இருக்கிறது. ஷி ஸெங்ராங் என்ற சீன இளைஞர் ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் கிரீன் என்ற பேராசிரியரிடம் படித்தார். 2001-இல் ஊர் திரும்பி வூஷி நகரில் சன்டெக் கம்பெனியைத் தொடங்கினார். 2005-இல் நியூயார்க் பங்குச் சந்தையில் ஏறியது, அவர் பெரும் பணக்காரர் ஆனார். 2013-இல் அதே வூஷி நகரில் கம்பெனி திவால். ஜெர்மனியின் கியூ-செல்ஸ் ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய சூரிய மின்கலத் தொழிற்சாலை. அது 2012-இல் திவால். விலை விழுந்த வேகத்தில், விழவைத்தவர்களே அடியில் அகப்பட்டார்கள். 1976-இல் ஒரு வாட் பேனலுக்கு இன்றைய மதிப்பில் 100 டாலருக்கு மேல். இன்று சீனத் தொழிற்சாலை வாசலில் 10 சென்ட் அளவு. அந்தப் பத்தாவது தோசையைத்தான் நாம் இப்போது மொட்டை மாடியில் சாய்த்து வைத்திருக்கிறோம். அப்படியானால் பணக்கார நாடுகள் நூறு வருஷம் விட்ட புகைக்கு இது ஈடாகிவிட்டதா என்று கேட்பீர்கள். ஆகவில்லை. புகைக் கடன் தனி, தோசைக் கணக்கு தனி. இரண்டையும் குழப்பினால் இரண்டிலும் ஏமாறுவோம்.

சரி, அறிவு கசிந்தால் போதும், விலை தானாக இறங்கிவிடுமா? இதற்குப் பதில் வெகு தூரத்தில் இல்லை, திருமலையில் இருக்கிறது.

மலை ஏறுகிறவர்கள் சிகரத்தில் சுற்றும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிகளைப் பார்த்தவர்கள் குறைவு. 2002-இல் தேவஸ்தானம் அன்னதானச் சமையலுக்காக 106 குவிகண்ணாடித் தட்டுகளை நிறுவியது. குஜராத்தின் வல்சாடிலிருந்து காதியா சோலார் நிறுவனம் செய்து கொடுத்தது. நான் ஒரு தட்டின் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முகம் பார்க்கும் கண்ணாடியைத் துண்டு துண்டாகக் கீறி ஒரு பெரிய சட்டத்தில் பதித்ததுபோல் இருக்கும். ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் வானம், கொஞ்சம் மேகம். எல்லாத் துண்டும் தன் பங்கு வெயிலை ஒரே இடத்தில் கொண்டுபோய்க் கொட்டும். அந்த இடத்தைக் கண் கொண்டு பார்க்க முடியாது, கூசும். அங்கே தண்ணீர் நீராவியாகும். 180 டிகிரி சூட்டில் ஒரு நாளைக்கு 4,000 கிலோ நீராவி. அது குழாய் வழியே சமையற்கட்டுக்குப் போய் 15,000 பேருக்குச் சோறும் சாம்பாரும் ஆகும் என்பது அன்றைய கணக்கு. வெயில் இல்லாத நாளில் பழைய டீசல் கொதிகலன் கைகொடுக்கும்.

செலவு சுமார் 1 கோடியே 10 லட்சம். அதில் பாதி மத்திய அரசு மானியம். வருஷத்துக்கு மிச்சமாகும் டீசல் சுமார் 1,18,000 லிட்டர். அன்று டீசல் லிட்டர் 20 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. பெருக்கிப் பாருங்கள்: மானியமே இல்லாவிட்டாலும் ஐந்து வருஷத்தில் போட்ட முதல் திரும்பிவிடும். இன்றைய டீசல் விலைக்கு அதே மிச்சம் வருஷத்துக்கு ஒரு கோடிக்கு மேல்.

இவ்வளவு நல்ல கணக்கு இருந்தும் சித்தூர் ஜில்லாவில் இத்தனை மாங்கூழ் ஃபேக்டரி கொதிகலன் வைத்து ஓடுகிறதே, ஆனி மாதம் முழுக்கக் கிளிமூக்கு மாங்காய் லாரி லாரியாக வந்து நிற்கிறதே, அங்கெல்லாம் இந்தக் கண்ணாடி ஏன் வரவில்லை? கண்ணாடித் தட்டை வடிவமைத்தவர் வுல்ஃப்காங் ஷெஃப்லர் என்ற இயற்பியலர். 1980-களில் கென்யாவில் முதலில் செய்தார். வடிவத்தை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். அறிவு கசியக்கூட வேண்டியிருக்கவில்லை, அவரே கொட்டிவிட்டார். ஆனாலும் விலை பேனலைப்போல் சரியவில்லை. காரணம் எளிது. ஒவ்வொரு சமையற்கட்டுக்கும் ஒரு புது வரைபடம். கூரை வேறு, குழாய் போகும் வழி வேறு, எத்தனை அண்டா என்பது வேறு. செய்கிற கம்பெனிகள் விரல்விட்டு எண்ணும் அளவு. ஒவ்வொரு தடவையும் முதல் தோசையே சுட்டுக்கொண்டிருந்தார்கள். பேனல் அப்படியில்லை. திருமலையில் போட்டாலும் திண்டிவனத்தில் போட்டாலும் அதே பேனல். தொழிற்சாலையில் கோடிக்கணக்கில் ஒரே அச்சாக விழுகிறது.

நான் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன், என்னோடு சண்டை போடலாம். சின்னதாக, ஒரே மாதிரியாக, எண்ணிலடங்காமல் செய்யக்கூடிய பொருள்தான் மலிவாகும். அணுமின் நிலையம் பெரிது, இடத்துக்கு இடம் மாறும், அது மலிவாகவில்லை. காற்றிலிருந்தே கரியமில வாயுவை உறிஞ்சும் யந்திரம் ஐஸ்லாந்தில் 2021-இல் ஓடத் தொடங்கியது, வருஷத்துக்கு 4,000 டன் எடுக்கும் என்று. அது எந்த ஜாதி என்று இன்னும் தெரியாது. மலிவாகும் ஜாதியாக இருந்தால் யாராவது முதல் ஒன்பதைத் தின்ன வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு தின்றாலும் பசி தீராது.

நம்ம நாடு தோசை தின்றதே இல்லை என்று நினைக்க வேண்டாம். எல்.ஈ.டி. பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். நீல வெளிச்சம் தரும் எல்.ஈ.டி.யைச் செய்து காட்டியவர்களில் ஒருவர் ஜப்பானின் ஷூஜி நகமுரா. வேலை பார்த்த கம்பெனி முதலில் அவருக்குக் கொடுத்த வெகுமதி 20,000 யென். அதைக் கொண்டு ஒரு நல்ல சைக்கிள் வாங்கலாம். கோர்ட்டுக்குப் போனார், 2005-இல் 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது. 2014-இல் நோபல் கிடைத்தது. அந்த வருஷத் தொடக்கத்தில் நம்ம மத்திய அரசின் ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் மொத்தமாக பல்பு வாங்கப் போனபோது விலை 310 ரூபாய். டெண்டர் மேல் டெண்டர், கோடி கோடியாக ஆர்டர். 2016-இல் அதே மாதிரி பல்பு 38 ரூபாய். ஆந்திராவில் பழைய குண்டு பல்பைக் கொடுத்துவிட்டு 10 ரூபாய்க்கு ஒரு எல்.ஈ.டி. வாங்கி வந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் தெருவில் ஃபியூஸ் போன பல்புகூட அன்று பொக்கிஷம், பரணில் தேடி எடுத்தார்கள். நாம் பல்பைக் கண்டுபிடிக்கவில்லை. வாங்குவதில் கெட்டிக்காரத்தனம் காட்டினோம். அதுவும் புதுமைதான், பொருளாதாரத்தில்.

கண்டுபிடிப்பதில் நம்மவர் பங்கே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது, மனசு கொஞ்சம் கனக்கும் விதமாக. லித்தியம் பாட்டரிக்காக 2019-இல் ஜான் குட்எனஃப் நோபல் வாங்கியபோது வயது 97. அவருக்குப் பதிலாக ஸ்டாக்ஹோமில் நோபல் உரையாற்றியவர் ஆறுமுகம் மந்திரம், தென் தமிழ்நாட்டில் அமராபுரம் என்ற கிராமத்தில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்தவர். டெக்ஸாஸில் அவரும் குட்எனஃபும் 1980-களில் செய்த வேலையின் வழியில்தான் பின்னால் இரும்பு-பாஸ்பேட் பாட்டரி வந்தது. இன்று சீனாவில் ஓடும் மின்சாரக் கார்களில் மிகப் பெரும் பங்கு அந்த பாட்டரியில்தான் ஓடுகிறது. மூளை அமராபுரத்திலிருந்து போனது, அடுப்பு சீனாவில் எரிகிறது.

திருப்பதியிலும் ஒரு அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். மின்னணுத் தொழிற்பேட்டையில் முனோத் நிறுவனம் 165 கோடியில் லித்தியம் செல் ஆலை போட்டது; 2022-இல் மத்திய அமைச்சர் வந்து பார்த்தார். உற்பத்தித் திறன் வருஷத்துக்கு 270 மெகாவாட்-மணி. செல்போனுக்கும் பவர் பேங்குக்கும் ஆனது. உலகம் இப்போது ஒரு வருஷத்தில் வாங்கும் பாட்டரி 1,000 கிகாவாட்-மணியைத் தாண்டிவிட்டது. ஏறக்குறைய 3,700-இல் ஒரு பங்கு நம்முடையது. கேலிக்குச் சொல்லவில்லை, அளவு தெரிய வேண்டுமே என்று சொல்கிறேன். இரட்டிப்பு இரட்டிப்பாக ஏறி நிற்பவனோடு போட்டி போட, நாமும் எங்கேயாவது முதல் படியில் கால் வைத்துத்தான் ஆக வேண்டும். பாட்டரி மலிவாவது நமக்கு ரொம்ப முக்கியம். கரண்ட் அதிகம் வேண்டியது ராத்திரி ஏழு மணிக்கு. வெயில் ஆறு மணிக்கே போய்விடுகிறது. 2022-இல் மத்திய அரசின் சூரிய மின் கழகம் விட்ட டெண்டரில் ஒரு மெகாவாட் பாட்டரிக்கு மாச வாடகை 10 லட்சத்து 83 ஆயிரம் வந்தது. இரண்டரை வருஷத்தில் ராஜஸ்தான் டெண்டரில், மத்திய உதவித்தொகையோடு சேர்த்து, 2 லட்சத்து 21 ஆயிரத்துக்கு வந்துவிட்டது.

பிகூ சொன்ன வரியை நம்ம நாடு போட்டுப் பார்த்ததா? பார்த்தது. 2010-இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் செஸ். 2014-இல் 100, அடுத்த வருஷம் 200, 2016-இல் 400. தூய்மையான மின்சாரத்துக்கான நிதி என்று ஒரு உண்டியல் வைத்தார்கள். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் உண்டியலை எடுத்து மாநிலங்களின் வரி இழப்பை ஈடுகட்டும் கணக்கில் கொட்டினார்கள். 2025 செப்டம்பரில் செஸ்ஸையே எடுத்துவிட்டு நிலக்கரிக்கான ஜி.எஸ்.டி.யை 5 சதவீதத்திலிருந்து 18 ஆக்கினார்கள். புகைக்கு விலை வைத்த வரை சந்தோஷம். அந்தக் காசு புது தோசைக்கு மாவாகவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இப்போது நம்ம மாநிலத்து விவகாரம் ஒன்று. 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, புத்தூரும் நகரியும் ஆந்திராப் பக்கமே நின்றன. இங்கே கரண்ட் பில் தெலுங்கில் வருகிறது, அதைப் பார்த்து நாம் தமிழில் திட்டுகிறோம். திட்டுவதற்குக் காரணம் தெரிந்து திட்டினால் நல்லது.

2010-இல் தேசிய சூரிய மின் திட்டம் தொடங்கியபோது மத்திய மின் ஒழுங்குமுறை ஆணையம் வைத்த விலை யூனிட்டுக்கு 17 ரூபாய் 91 காசு. ஏலம் விட்டதும் சராசரி 12.16. அடுத்த வருஷம் 8.77. 2017 ஏப்ரலில், பக்கத்துக் கடப்பா ஜில்லா ஏலத்தில், 3 ரூபாய் 15 காசு. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1 ரூபாய் 99 காசு. பத்து வருஷத்தில் ஒன்பதில் ஒரு பங்கு!

விலை இப்படி விழும்போது முன்னால் கையெழுத்துப் போட்டவன் ஏமாளி மாதிரித் தெரிவான். 2019-இல் ஆந்திர அரசுக்கு அப்படித்தான் தோன்றியது. காற்று மின்சாரத்துக்கு யூனிட் 4 ரூபாய் 84 காசு என்று பழைய ஒப்பந்தம். சந்தையில் அதைவிட எவ்வளவோ குறைவு. விலையைக் குறைக்கச் சொல்லிப் பேச்சுவார்த்தைக் குழு போட்டார்கள். கம்பெனிகள் ஹைகோர்ட்டுக்குப் போயின. இடைக்காலமாகக் காற்றுக்கு 2.43, சூரியனுக்கு 2.44 கொடுங்கள் என்றது கோர்ட். 2022 மார்ச்சில், ஒப்பந்த விலையைத்தான் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

அரசாங்கத்தின் வலி எனக்குப் புரியாமலில்லை. மின் வாரியத்தின் கடன் கடைசியில் நம் தலையில்தான். ஆனால் ஜெர்மனி ஏன் 20 வருஷ விலையைத் தொடவில்லை என்று யோசித்துப் பாருங்கள். ஒட்டிய தோசையைத் தின்றவனிடம் பத்தாவது தோசையைக் காட்டி 'இதன் விலைதான் உனக்கும்' என்றால், அடுத்த தடவை யாரும் முதல் ஆளாகப் பந்தியில் உட்கார மாட்டான். உட்கார்ந்தாலும் கூடுதல் வட்டி கேட்பான். இந்த வட்டியில்தான் சமாசாரமே இருக்கிறது.

நிலக்கரி ஆலைக்குத் தினமும் தீனி போட வேண்டும். வெயிலுக்குத் தீனி வேண்டாம், ஆனால் மொத்தச் செலவும் முதல் நாளே. அதனால் வெயில் மின்சாரத்தின் விலை என்பது பெரும்பாலும் வட்டியின் விலை. ஒரு சின்னக் கணக்கு. 3 கிலோவாட் கூரைப் பேனல், வயர், இன்வெர்ட்டர், மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 1,80,000 ரூபாய் என்று வையுங்கள். நம்ம வெயிலுக்கு வருஷம் 4,000 யூனிட் வரும் என்று வையுங்கள். கடனை 20 வருஷம் சமமாகக் கட்டுவதாக வைத்தால், 6 சதவீத வட்டிக்கு ஒரு யூனிட் 3 ரூபாய் 92 காசு. 12 சதவீதத்துக்கு 6 ரூபாய். மாசம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி வாங்குகிறார்களே, அந்த இரண்டு வட்டிக்கு எடுத்தால் ஏறக்குறைய 11 ரூபாய். பேனல் அதே பேனல். சூரியனும் நமக்கு மேலே இருக்கிற அதே சூரியன். இது மானியம் கழிக்காத கணக்கு. 2024-இல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தனியாக உண்டு.

நகரியில் எனக்குத் தெரிந்த ஒரு தறிக்காரர் இருக்கிறார். வீட்டோடு விசைத்தறி. போன வாரம் டீக்கடையில் பிடித்துக்கொண்டார். "சார், நீங்கதான் இதெல்லாம் படிக்கிறீங்க. இப்பவே வீட்டு மேல சோலார் போட்டுடலாமா, இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்தா விலை எறங்குமா?"

எனக்குப் பரீட்சை வைத்ததுபோல் இருந்தது. பேனல் இன்னும் இறங்கும் அண்ணே, என்றேன். ஆனால் மொத்தச் செலவில் பேனல் பாதிகூட இல்லை. கம்பி, இரும்புச் சட்டம், ஆள் கூலி, இதெல்லாம் உலகம் இரட்டிக்க இரட்டிக்க இறங்காது, ஏறும். ரெண்டு வருஷம் பொறுத்தால் மிச்சமாவதைவிட ரெண்டு வருஷக் கரண்ட் பில் அதிகமாகப் போகும்.

சரி என்று தலையாட்டினார். "அப்ப நாளைக்கே ஆளைக் கூப்பிட்டுடறேன்."

பணத்துக்கு என்ன வழி என்று கேட்டேன். கடைவீதியில் ஒருத்தர் தருகிறேன் என்றாராம், இரண்டு வட்டிக்கு. 'ஐயையோ, ஆளைக் கூப்பிடாதீங்க' என்று டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். அவர் வீட்டுப் பத்திரம் இன்னும் அப்பா பேரில் இருக்கிறது, அதனால் பேங்குப் பக்கமே போகவில்லையாம். வருகிற திங்கட்கிழமை காலையில் அந்தப் பத்திரத்தையும் ஆறு மாச கரண்ட் பில்லையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மேனேஜரைப் பார்க்கப் போகிறோம்.